கத்தி கையில் இருக்கும்போது

அந்தச் சலூன்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘ஆமாங்க’. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. நாற்காலியில் உட்கார்ந்தவர் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். ஒருவர் வந்து “என்னா வெயில், மண்டை பிளக்குது” என்றால் ஆமாங்க. அவர் எழுந்து போனதும் அடுத்தவர் உட்கார்ந்து “இந்த வருஷம் வெயிலே காணோமே” என்றால் அதற்கும் ஆமாங்க. பெஞ்சில் காத்திருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

“கத்தி கையில இருக்கிறப்ப வாதம் பண்ணக் கூடாதுய்யா” என்பார் பிறகு. “நான் ‘இல்ல’ன்னு சொன்னா அவர் தலையைத் திருப்புவார். தலை திரும்பினா காது போச்சு. காது போனா கடை போச்சு.”

தொழில் பழக்கம் தொழிலோடு நின்றால் பரவாயில்லை. இந்த மனிதருக்கு அது எலும்பு வரை ஊறிவிட்டது. வீட்டில் மனைவி கேட்டாலும் ஆமாங்க, தெருவில் கடன்காரன் கேட்டாலும் ஆமாங்க. கோபமே வராத மனிதர் என்று ஊரார் மெச்சினார்கள். கோபம் வராதது வேறு, எதிர்த்துச் சொல்ல நா எழாதது வேறு என்பதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அவரும்தான்.

அது ஆற்றோரத்து ஊர். ஆற்றின் மேல் ஒரு பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. எப்போதோ யாரோ ஆற்றின் நடுவே எல்லையைப் போட்டபோது அந்தப் பக்கத்து மொழிக்காரர்கள் கொஞ்சம் பேர் இந்தக் கரையில் மாட்டிக்கொண்டார்கள். சலூன்காரர் அவர்களில் ஒருவருடைய பேரன். ஊரில் மற்றவர்களெல்லாம் இந்த நாட்டு மொழிக்காரர்கள். அதற்காகத் தினமும் அடித்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். கடைத்தெருவில் இரண்டு மொழியும் கலந்துதான் ஓடும். பேரம் ஒரு மொழியில் தொடங்கும், திட்டு இன்னொரு மொழியில் முடியும்.

அந்தப் பக்கத்து நாடு இந்தக் கரையில் இருக்கும் தன் ஆட்களை மறக்கவில்லை. ‘எல்லை கடந்த உறவுகள் நலத்துறை’ என்று ஒரு துறையே வைத்திருந்தது. பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் அனுப்பும். இந்தக் கரையில் அவர்கள் வைத்திருந்த சங்கத்துக்குப் படிப்பகம் கட்டிக் கொடுத்தது. உறவு அட்டை என்று ஒன்று கொடுத்தது, அதைக் காட்டினால் பாலத்தைக் கடந்துபோய் அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். சலூன்காரரின் மனைவிக்குப் பார்வை மங்கி, ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனபோது அங்கேதான் கண் அறுவை நடந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகப் பார்த்தார்கள். பணக்காரச் சொந்தக்காரர் வீட்டு உதவி மாதிரிதான் அது: வாங்கிக்கொள்ளவும் வேண்டியிருக்கும், நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டும்போது கூசவும் செய்யும்.

சலூன்காரரின் உயிர்த்தோழர் இந்த நாட்டு மொழிக்காரர். சலூனுக்கு நாலு கடை தள்ளிக் கண்ணாடிப் பட்டறை வைத்திருந்த கண்ணாடிக்காரர். வருஷக்கணக்காகப் பலகை பலகையாகக் கண்ணாடி சுமந்து இடது தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்த ஆள். வாரம் ஒருமுறை வந்து நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை நீட்டிக் கொடுத்துவிட்டு, சோப்பு நுரை போட்டு முடிப்பதற்குள் குறட்டை விடுவார். சலூன்காரருக்கு அதில் ஒரு பெருமை. ‘என் கத்திக்குக் கீழ தூங்குறான் பாரு’ என்று பெஞ்சைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

ஒரு நாள் சலூன்காரர் ஏணி போட்டுப் பெயர்ப்பலகையைத் துடைத்தார். இறங்கும்போது ஏணி சறுக்கியது. மனிதர் தப்பினார், கடையின் முகப்புக் கண்ணாடி தப்பவில்லை. தெருவே ஓடி வந்தது. கண்ணாடிக்காரர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, “ஏன்யா ஆமாங்க, ஏணி ‘விழட்டுமா’ன்னு கேட்டுச்சா? நீ ‘ஆமாங்க’ன்னுட்டியா?” என்றார். தெரு முழுக்கச் சிரித்தது. அன்று மாலையே புதுக் கண்ணாடி மாட்டிக் கொடுத்துவிட்டார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அந்தப் பக்கத்து நாட்டில் தேர்தல் வரப்போகிற காலம். எல்லை கடந்த உறவுகளின் மேல் அங்கே எல்லோருக்கும் திடீரென்று பாசம் பொங்கியது. அந்தப் பக்கத்துத் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் கேமராவோடு வந்து இறங்கினார். சங்கச் செயலாளர் அவரைக் கடை கடையாக அழைத்துக்கொண்டு போய், கடைசியில் சலூனுக்குள் நுழைந்தார். செயலாளர் வெள்ளைச் சட்டை கசங்காமல் நடக்கக் கற்றவர். யாருக்கு உறவு அட்டை கிடைக்க வேண்டும், யார் பிள்ளைக்கு அங்கே படிக்க இடம் கிடைக்க வேண்டும் என்று சிபாரிசு செய்வது அவர் கை. சலூன்காரரின் மகள் அங்கே நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

தொலைக்காட்சிக்காரர் கெட்டிக்காரர். மைக்கை நீட்டிக் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, “அப்படியே ஒரு ஷேவ் பண்ணிவிடுங்க, பேசிக்கிட்டே இருப்போம். பார்க்க இயல்பா இருக்கும்” என்றார். கேமரா மூலையில் நின்று ஓடத் தொடங்கியது. சலூன்காரர் நுரை போட்டார். கத்தியை எடுத்தார்.

“இந்த ஊர்ல நம்ம ஆளுங்க கொஞ்சம் பேர்தான் இல்லையா?”

“ஆமாங்க.”

“கஷ்டமாத்தான் இருக்கும்.”

“ஆமாங்க.”

“உங்க கடைக் கண்ணாடிகூட உடைஞ்சுதாமே?”

“ஆமாங்க.”

“அவங்கதான் உடைச்சாங்கன்னு சொல்றாங்க.”

கத்தி அப்போது அந்த மனிதரின் தாடைக்குக் கீழே இருந்தது. சலூன்காரர் ஒரு கணம் நிறுத்தினார். நிறுத்தினார் என்பதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழக்கத்தின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு அவர் தப்பிக்க முடியாது. அந்தக் கணத்தில் ஏணி நினைவுக்கு வந்தது. செயலாளரின் முகம் எதிர்க் கண்ணாடியில் தெரிந்தது. மகள் நினைவுக்கு வந்தாள்.

“ஆமாங்க” என்றார்.

“பயமா இருக்கா?”

“ஆமாங்க.”

அந்தப் பக்கத்துத் தொலைக்காட்சியை இந்தக் கரையில் எல்லோரும் பார்ப்பார்கள், பாட்டு நன்றாகப் போடுவார்கள் என்று. மறுநாள் மாலை ஊரே பார்த்தது. சலூன்காரரின் மனைவியும் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

“ஏணி எந்த ஊருங்க? எந்த மொழி பேசும்?” என்று மட்டும் கேட்டார். சலூன்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

கண்ணாடிக்காரர் வருவாரா என்று சலூன்காரர் அந்த வாரம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான நாளில் தோழர் வந்தார். உட்கார்ந்தார். தூங்கவில்லை.

“எங்க ஆளுங்க உடைச்சாங்களாமே? யாருய்யா அது, எனக்குத் தெரியாம? எனக்கு வேலை கொடுத்த புண்ணியவான். போய்க் கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்.”

“வாய் தவறிடுச்சு. உனக்குத்தான் தெரியுமே, நான் என்ன பண்ணுவேன், கத்தி கையில இருந்துது.”

“சரி விடு. உன் வாய் லட்சணம் ஊருக்கே தெரியும். ஆனா ஒண்ணு. இதைச் சரி பண்ணிடு. எங்க தெருப் பசங்க சில பேர் கொதிச்சுக்கிட்டு இருக்காங்க. ‘உடைக்காமலே பேர் வாங்கியாச்சு, உடைச்சுட்டே வாங்கலாமே’ங்கறான் ஒருத்தன்.”

“அடுத்த தடவை அவங்க வரும்போது சொல்லிடறேன். ஏணிதான்னு சொல்லிடறேன்.”

“சத்தியமா?”

“ஆமா.”

கண்ணாடிக்காரர் கண்ணை மூடினார். பிறகு தூங்கியும் போனார். அந்தக் குறட்டை கலையாமல் சலூன்காரர் மெல்ல வழித்து முடித்தார்.

அடுத்த தடவை சீக்கிரமே வந்தது. செய்தியைப் பார்த்து அந்தப் பக்கம் உருகிப்போனதாம். நம் சலூன்காரருக்கு நலத்துறை புது முகப்பே கட்டித்தரும், அதிகாரியே வந்து திறந்து வைப்பார் என்று செயலாளர் வந்து சொன்னார். கூடவே, “மகள் விஷயமும் பேசி வச்சிருக்கேன்” என்றார். சலூன்காரர் முகப்பைக் காட்டினார். கண்ணாடி பளபளவென்று முழுசாக நின்றது. செயலாளர் அதில் தன் தலையைப் பார்த்துச் சீவிக்கொண்டார்.

“அதனால என்ன? இன்னும் நல்லதாப் போட்டுக்கலாம்.”

ஊரில் கண்ணாடி போடத் தெரிந்தவர் ஒருவர்தான். அதனால் வேலை அவருக்கே வந்தது. கேட்டுவிட்டு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நான் போட்டதை நானே கழட்டிட்டு நானே போடணும். அதுக்கு உங்க நாடு கூலி கொடுக்கும். எனக்கும் இந்த மாதிரி ஒரு நாடு இருந்தா வாங்கிக் கொடுய்யா.” ஆனால் போகும்போது திரும்பி, “அன்னைக்கு மைக்ல சொல்லிடுவ இல்ல?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

திறப்பு விழா அன்று காலையே கேமரா வந்துவிட்டது. தொலைக்காட்சிக்காரர் முகப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். உடைந்த கண்ணாடி வேண்டுமாம். உடைந்ததைக் காட்டாமல் புதியதைக் காட்டினால் பார்க்கிறவர்களுக்கு என்ன விளங்கும்? “ஒரு தட்டுத் தட்டி விடுங்களேன், எப்படியும் எடுக்கத்தானே போறீங்க” என்றார். யாரோ ஒரு சுத்தியலைச் சலூன்காரர் கையில் திணித்தார்கள். தன் கடையின் முன்னால், சொந்தக் கண்ணாடிக்கு எதிரே, மாலை போட்ட ஆடு போல அசையாமல் நின்றார். ‘இல்ல’ என்று சொல்ல இதைவிட நல்ல இடம் ஒரு மனிதனுக்கு வாய்க்காது. கத்திகூடக் கையில் இல்லை. வெறும் சுத்தியல்தான்.

கண்ணாடிக்காரர் அப்போதுதான் புதுக் கண்ணாடியை ஏற்றிய தன் வேனைக் கடை முன்னால் நிறுத்தி இறங்கினார். நண்பன் நிற்கிற கோலத்தைப் பார்த்தார்.

“யோவ், கையைக் கிழிச்சுக்குவ. கண்ணாடி கீழ விழும்போது எந்தப் பக்கம் வரும்னு உனக்குத் தெரியுமா? மகள் நர்ஸ் ஆகிறதுக்கு முன்னாடியே அவளுக்கு வேலை வச்சிடாத. கொடு இப்படி.”

தடித்த கையுறையை மாட்டினார். சில்லு தெறிக்கும் என்று துணியை மூக்குக்கு மேல் வரை இழுத்துக் கட்டினார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். நண்பனைத் தோளைப் பிடித்து இரண்டு அடி பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு மேல் மூலையில் அளவாக ஓர் அடி. கண்ணாடி மொத்தமும் சரசரவென்று கொட்டியது. சலூன்காரர் மேல் ஒரு பொடிகூட விழவில்லை. தெருவின் எதிர்ப்பக்கத்தில் கேமரா அப்போதே ஓடிக்கொண்டிருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

மதியத்துக்குள் புதுக் கண்ணாடி ஏறிவிட்டது. அதன் கீழ் ஓரத்தில் பொன் எழுத்தில் ‘உறவுகளின் அன்பளிப்பு’. அதிகாரி வந்தார், நாடாவை வெட்டினார், ‘நீங்கள் தனியாக இல்லை’ என்று பேசினார். பேசும்போது அவர் கண் கலங்கியது. அது நடிப்பாக இருந்திருந்தால் சலூன்காரருக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அந்த மனிதர் மெய்யாகவே நம்பினார். மைக்கைச் சலூன்காரரிடம் கொடுத்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் கண்ணாடிக்காரர் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“எல்லாருக்கும்... நன்றிங்க” என்றார் சலூன்காரர். கை தட்டினார்கள். அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் செயலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டாரா, இவர் நீட்டினாரா என்பதில் இன்றுவரை இவருக்கே சந்தேகம்தான். ஓரத்தைப் பார்த்தபோது கண்ணாடிக்காரரைக் காணோம்.

அன்று மாலைச் செய்தியில் அது வந்தது. முகத்தில் துணி கட்டிய ஒருவன் சுத்தியலோடு சலூன் கண்ணாடியை உடைக்கிறான். ‘இப்படித்தான் வாழ்கிறார்கள் நம் உறவுகள்’ என்று குரல் சொல்கிறது. அடுத்து அதிகாரி, நாடா, கைதட்டல். முகம் தெரியவில்லைதான். சாய்ந்த தோள் தெரிந்தது. பின்னால் வேன் தெரிந்தது. வேன் பக்கவாட்டில் பட்டறையின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத்துக்கு எழுத்து தெரிந்தன.

அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடிக்காரருக்குப் போன் மேல் போன். ஒருவர் அம்மாவைத் திட்டினார், ஒருவர் கையை வெட்டுவேன் என்றார். அவருக்குக் கண்ணாடி அனுப்பிக்கொண்டிருந்த தொழிற்சாலையும் அந்தப் பக்கத்தில்தான். எங்கள் உறவுகளின் கடையை உடைக்கிறவனுக்கு எங்கள் சரக்கு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பட்டறையில் நிறுத்தி வைத்திருந்த கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, சுவர் தெரியத் தொடங்கியது. அதே வாரம் செயலாளர் இனிப்போடு வந்தார். மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. மனைவி இனிப்பை எடுத்து அலமாரியில் வைத்துச் சாத்தினார். அது அங்கேயே கெட்டுப்போனது.

சலூன்காரர் பட்டறைப் பக்கம் போகவே இல்லை. தினமும் ‘இன்று போய்ச் சொல்லிவிடுவேன்’ என்று சட்டையை மாட்டுவார். வாசல் வரை வருவார். திரும்பி வந்து சீப்புகளைக் கழுவுவார். கழுவிய சீப்பையே மறுபடி கழுவுவார். கடை மூடி வீட்டுக்குப் போகும்போது பட்டறை வராத சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். தன் ஊரில் திருடன் போல நடக்கிற கேவலம் அவருக்கு உறைத்தது. உறைத்தும் சுற்றித்தான் போனார்.

ஒரு காலையில் கண்ணாடிக்காரரே வந்தார். கடையில் கூட்டம் இல்லை. பெஞ்சில் செயலாளர் மட்டும் ஷேவுக்கு வந்து, பேப்பரைப் படித்து முடித்துவிட்டு நாற்காலிக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை நீட்டினார். சில வாரத் தாடி. சலூன்காரர் நுரை போட்டார். வலது கன்னத்தை வழித்து முடித்தார்.

“புதுக் கண்ணாடி நல்லாப் பொருந்தியிருக்கு” என்றார் கண்ணாடிக்காரர், கண்ணைத் திறந்தபடியே.

“ஆமாங்க.” தோழனிடம் அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது அன்றுதான் முதல் முறை.

“வெளிச்சம் நல்லா வருது.”

“ஆமாங்க.”

“பழைய கண்ணாடியை உடைச்சது நான்தானே?”

பெஞ்சில் பேப்பர் திருப்பும் சத்தம் நின்றது. கத்தி கண்ணாடிக்காரரின் குரல்வளைக்குப் பக்கத்தில் இருந்தது. ‘இல்ல’ என்று மூன்று எழுத்து. வாய் திறந்தது, சொல் வரவில்லை. கண்ணாடிக்காரர் காத்திருந்தார். ரொம்ப நேரம், மரியாதையாக, ஒரு நண்பனுக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தையெல்லாம் கொடுத்துக் காத்திருந்தார். பிறகு கத்தியை இரண்டு விரலால் விலக்கினார். தோளில் கிடந்த துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பாதி முகம் மழமழவென்றும் பாதி முகம் தாடியோடும் தெருவில் இறங்கி நடந்தார்.

சலூன்காரர் பின்னாலேயே ஓடினார். நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ இல்ல. நீ இல்லப்பா. ஏணிதான். நான்தான். எல்லாம் நான்தான்.”

உரக்கத்தான் சொன்னார். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் ஏணியை அறியாதவர் யாரும் இல்லை.

“என்கிட்ட எதுக்குச் சொல்ற?” என்றார் கண்ணாடிக்காரர். குரலில் கோபம்கூட இல்லை. “எனக்குத் தெரியாதா? இந்தத் தெருவுக்குத் தெரியாதா? தெரிய வேண்டியவங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. அவங்களுக்குச் சொல்ற ஆளு உன் கடையில உக்காந்திருக்கான். போய் அங்க சொல்லு. சொல்லிட்டு வா, மீதித் தாடியை எடுத்துக்கறேன்.”

கையை விடுவித்துக்கொண்டு பட்டறை வாசலில் போய் நின்று திரும்பிப் பார்த்தார். காத்திருந்தார்.

சலூன்காரர் திரும்பி நடந்தார். கால் உறுதியாக இருந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். ஏணி என்று தொடங்க வேண்டும். மகள் படிப்புப் போனால் போகட்டும். உதட்டை அசைத்து ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டார். பொன் எழுத்தைத் தாண்டி உள்ளே நுழைந்தார்.

செயலாளர் பெஞ்சில் இல்லை. நாற்காலிக்கு மாறி, துண்டைத் தானே போர்த்திக்கொண்டு, தலையைச் சாய்த்து வசதியாக உட்கார்ந்திருந்தார். சலூன்காரரின் கை தன்னால் பிரஷ்ஷை எடுத்தது. நுரை போட்டது. கத்தியை எடுத்துத் தீட்டியது.

“விடுங்கண்ணே” என்றார் செயலாளர், கண்ணை மூடிக்கொண்டு. “அவங்க ஆளுங்களே அப்படித்தான். செய்யறதையும் செஞ்சுட்டு நம்மையே மிரட்டுவாங்க. இல்லையா?”

புதுக் கண்ணாடி வழியே தெரு நன்றாகத் தெரிந்தது. நாலு கடை தள்ளி, பாதித் தாடியோடு, சாய்ந்த தோளோடு ஒருவர் வெயிலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க” என்றார் சலூன்காரர்.